பொஹீமியாக்காரருக்கு ஏழு நிமிடம்

இசைத்தாளை விரித்ததும் உன் தைலம் மணத்தது. ஒரு வருடமாகியும் போகவில்லை. மூச்செடுக்க வேண்டிய இடங்களை எல்லாம் விட்டுவிட்டு, வேண்டாத இடங்களில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாய்.

உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலியில் இந்தப் பூசைப் பாட்டைப் பாடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பாடகர் குழுவை நடத்தும் தம்பி தாளைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஏழு நிமிஷம், அன்ரி. டூ லோங். லத்தீன் வேறை, ஆக்களுக்கு விளங்காது."

"லத்தீன் இல்லைத் தம்பி, கிரேக்கம். 'ஆண்டவரே இரக்கமாயிரும்' எண்டது விளங்காட்டி கோவிலுக்கு ஏன் வருகினம்?"

சிரித்துக்கொண்டு கிற்றாரை எடுத்தார். "விடுங்கோ அன்ரி, அம்மாவுக்கு எந்தப் பாட்டெண்டாலும் விருப்பம்தானே," என்றான் உன் மகன். உனக்கா!

இதை எழுதிய அந்தப் பொஹீமியாக்காரரை வானொலியில் கண்டுபிடித்தவள் நீ. மீன் வெட்டிய கையோடு எனக்கு ஃபோன் எடுத்தாய். நான் தேடி வாசித்துச் சொன்னேன்: ட்ரெஸ்டன் அரசவையில் பெரிய பாஸ் வயலின் வாசித்தவர், இசைக்குழுத் தலைமைப் பதவி கேட்டார், வேறொருவருக்குக் கொடுத்தார்கள், இறந்தபின் அவருடைய பூசை இசையை வெளியே விடாமல் பூட்டி வைத்தார்கள்.

"அந்தாளுக்கும் எங்கடை கோவில் கொமிற்றி மாதிரித்தான் வாய்ச்சிருக்கு," என்றாய்.

என் கணவர் போனபின் நான் வீட்டைவிட்டு வெளியே வந்தது உன் நோபிள் பார்க் வீட்டுக் குசினிக்குத்தான். வியாழன்தோறும் கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு பழகினோம். நீ மேற்குரல், நான் கீழ்க்குரல். நடுவில் இருவருக்கும் நான்கு தட்டு மௌனம். எண்ணி முடித்து ஒன்றாக நுழைய வேண்டும். நீ மூன்றிலேயே நுழைந்துவிடுவாய். கொன்வென்ற்றில் சிஸ்டரிடம் அத்தனை அடி வாங்கியும் திருந்தவில்லை.

"எண்ணடி!" என்பேன்.

"எடியே, எண்ணிக்கொண்டிருந்தால் எப்ப பாடுறது?"

ஞாயிற்றுக்கிழமை உன் நினைவுப் பூசை முடிந்து எல்லோரும் தேநீருக்கும் றோல்ஸுக்கும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நான் வெறும் கோவிலில் எழுந்து நின்று பாடினேன். கீழ்க்குரல் மட்டும் தனியே ஒரு பாட்டாகாது. கேட்க எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. அந்த மௌனம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

நுழைந்துவிட்டேன்.

பிழைதான். திரும்பப் பாடித் திருத்தவில்லை.