சுவரில் இல்லாத இருபத்திரண்டு பேர்

அக்கா,

உங்கள் தாள் என் மேசையில் விரிந்து கிடக்கிறது. உடுப்பு வெட்டுவதற்கு முன் நீங்கள் அளவு கீறுகிற மெல்லிய தாள். எட்டாக மடித்துக் கனகாலம் கிடந்ததால் மடிப்புகள் நிமிர மறுக்கின்றன. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் இன்னும் தையல் மெஷின் எண்ணெய் மணக்கிறது. ஒரு தோளை மூடி மற்றத் தோளை வெறுமையாக விடுகிற நீள உடுப்பொன்றை நீலப் பென்சிலால் கீறியிருக்கிறீர்கள். அதன்மேல் வரி வரியாகக் கோடுகள், கட்டங்கள், புள்ளிகள். ஓரத்தில் உங்கள் சாய்ந்த எழுத்து: "ஆமுப் பெண்டுகள். காலில சப்பாத்து. கவனிக்க."

திங்கட்கிழமை உங்கள் அண்ணை இதை ஹம் நகரிலிருந்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு துண்டுக் கடிதம். "தங்கச்சி, கல்லறைக் கல்லில என்ன பேர் வெட்டுறதெண்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்ல வேணும். பத்திரத்தில உள்ளபடிதான் போட வேணுமெண்டால் அப்பாவின்ர பேர்தான் முதலில வரும். மனுசன் மன்னாரில உயிரோட இருக்கேக்க அந்தக் கல்லின்ர படத்தை அவருக்கு எப்பிடி அனுப்புறது? நீர் டொச் பாஷை வாசிக்கிறனீர். ஒருக்கால் கேட்டுச் சொல்லும்."

நீங்கள் போய் ஐந்து மாதம். கடிதத்தைப் படித்துவிட்டு நான் முதலில் நினைத்தது கேட்க வேண்டிய அலுவலகத்தையல்ல, அந்தச் சுவரைத்தான்.

ஜெர்மனியின் கொலோன் நகரில் நாங்கள் இருவரும் அருங்காட்சியகம் துடைத்த குளிர்காலம் அது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிப்போம். பத்து மணிக்கு நான் புத்தகக்கடையில் நிற்க வேண்டும். அப்போது எனக்கு அங்கே அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி. நீங்கள் அகதி முகாமுக்குத் திரும்புவீர்கள். எகிப்துக் கண்காட்சிக்கென்று கல்லறைச் சுவரோவியங்களை அதே அளவில் நகலெடுத்து மாட்டியிருந்தார்கள். நிலத்தையும் கண்ணாடிகளையும் துடைக்கலாம், சுவரைத் தொடக்கூடாது என்பது கட்டளை. மேற்பார்வை செய்த பெண் கதவடியில் நின்று கூப்பிடுவாள்: "சவரிமுத்து, வாளி!"

நீங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சொல்வீர்கள். "அப்பா மன்னாரில வலை இழுக்கிறார், கொலோனில கக்கூசும் கழுவுறார். இந்த வயசில மனுசனுக்கு ஓய்வில்லை."

வந்திறங்கிய நாளில் பெயரைக் கேட்டபோது, பள்ளிக்கூட இடாப்பில் இருந்த ஒழுங்கிலேயே தகப்பன் பெயரை முன்னும் உங்கள் பெயரைப் பின்னும் சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் முதலில் கேட்டதை உங்கள் பெயராகவும் பின்னால் கேட்டதைக் குடும்பப் பெயராகவும் பதிந்துவிட்டார்கள். இரண்டு வருடம் முந்தி வந்த அண்ணையும் அப்படியே சொல்லியிருந்தார். ஆகவே ஜெர்மனியில் நீங்கள் இருவரும் சவரிமுத்து. குடும்பம் மட்டும் வேறு வேறு. அண்ணையுடன் போய் இருப்பதற்கு நீங்கள் கொடுத்த அன்ட்ராக், விண்ணப்பம், திரும்பி வந்தபோது அதைத்தான் காரணமாக எழுதியிருந்தார்கள். உடன்பிறந்தவர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் வைப்பார்களா என்று அலுவலர் கேட்டாராம்.

அந்தக் கிழமைதான் நீங்கள் முதன்முதலாகத் துடைப்பதை நிறுத்திவிட்டு ஒரு சிற்பத்தைப் பார்த்தீர்கள். பிடிபட்ட அந்நியர்களின் வரிசை. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. தலைக்குக் கீழே உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் மதில் சூழ்ந்த நீள்வட்டம், அதற்குள் எழுத்து.

"என்ன எழுதிக் கிடக்கு?"

விளக்கப் பலகையைப் படித்தேன். "ஊரின்ர பேராம், அக்கா. பிடிச்ச ஊர் ஒவ்வொண்டுக்கும் ஒரு ஆள்."

"ஆளின்ர பேர்?"

"அது இல்லை."

"எங்கட முகாமும் அப்பிடித்தானே. ஸ்ரீலங்கா, அறை பன்னிரண்டு." பிறகு ஒவ்வொரு முகமாகக் கிட்டப் போய்ப் பார்த்தீர்கள். "இது பாக்காமல் கீறினது. முதல் ஒருத்தன் கீறினதைப் பாத்து மற்றவன் கீறியிருக்கிறான். எல்லாருக்கும் ஒரே மூக்கு."

அன்றிலிருந்து கடையில் எகிப்து பற்றி எது அகப்பட்டாலும் மதிய இடைவேளையில் படித்தேன். மறுநாள் காலை உங்களுக்குச் சொல்வதற்காகவே படித்தேன். எதிரிகள் எல்லாருக்கும் சேர்த்து அவர்கள் வைத்த பெயர் ஒன்பது விற்கள். யார் அந்த ஒன்பது என்பது காலத்துக்குக் காலம் மாறும், ஒன்பது மாறாது. தெற்கே குஷ் நாட்டை எழுதும்போது முன்னால் கேடுகெட்ட என்றொரு சொல்லை ஒட்டிவிடுவார்கள். அந்நிய நாடு எதுவானாலும் பெயருக்குப் பின்னால் மூன்று குன்றுகள் கீறுவார்கள், ஏனென்றால் தங்கள் நாடு ஆற்றோரத்துச் சமநிலம். மனிதர் என்ற சொல்லை அநேகமாகத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். அரசனின் செருப்பின் அடியில் அந்நியரை வரைந்தார்கள், நடக்கும்போதெல்லாம் மிதிபடட்டும் என்று.

"அப்ப செருப்புத் தேயத் தேய அவையும் தேய்ஞ்சு போவினம்," என்றீர்கள். "பிறகு புதுச் செருப்புக்குப் புது ஆக்கள் வேணும். வேலை முடியாது."

ஆமுக்களை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். கடைசி அறையின் சுவர். எகிப்து அதிகாரி ஒருவரின் கல்லறையில் இருந்தது. கிழக்கேயிருந்து கண்மை கொண்டுவந்த கூட்டத்தை ஆமு என்று எழுதி வைத்திருந்தார்கள். கழுதைகள், யாழ் வாசித்தபடி நடக்கிற ஒருவன், தாடி வைத்த ஆண்கள், நெற்றியில் பட்டி கட்டிய பெண்கள். விளக்குமாற்றைக் கதவில் சாய்த்துவிட்டு நீங்கள் அப்படியே நின்றீர்கள்.

"இஞ்ச வாரும். இதைக் கீறினவன் பாத்திருக்கிறான். இந்தப் பெண்டுகளின்ர உடுப்பைப் பாரும், ஒண்டுக்கொண்டு ஒரே கோலம் இல்லை. ஆம்பிளையளுக்குச் செருப்பு, இவளவைக்கு மூடின சப்பாத்து. இதை ஆரும் யோசிச்சுக் கீற ஏலாது."

அடுத்த நாள் அந்த மெல்லிய தாளையும் நீலப் பென்சிலையும் சட்டைக்குள் மடித்துக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் கீற, நான் எழுத்துக்களின் பொருளைப் படித்துச் சொன்னேன். வந்தவர்கள் முப்பத்தேழு பேர் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. பெயர் எழுதியிருப்பது தலைவனுக்கு மட்டும். நீங்கள் பென்சில் முனையால் காற்றில் எண்ணினீர்கள். ஆண்கள் எட்டு, பெண்கள் நான்கு, பிள்ளைகள் மூன்று.

"பதினைஞ்சுதானே நிக்கினம். மற்ற இருபத்திரண்டு பேரும் எங்க?"

"இடம் காணாமல் விட்டிருப்பினம், அக்கா."

"இல்லை. அவைக்கு டெர்மின் கிடைக்கேல்லை."

அலுவலகங்களில் நாங்கள் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகிற சந்திப்பு நேரம்தான் டெர்மின். இருவரும் சிரித்தோம். மேற்பார்வைப் பெண் எட்டிப் பார்த்தாள். நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தீர்கள். அன்று வேலை முடிந்து டிராமுக்கு ஓடினோம். ஏறியபின் கேட்டீர்கள். "அவையின்ர ஊரில ஆரும் தேடியிருப்பினமோ? எங்கட ஆக்கள் படத்தில இல்லையே எண்டு?"

அன்று மதியம் கடையில் அதைத் தேடினேன். எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த அன்ட்ராக்கோடு நீங்களே கீறிய ஒரு படத்தையும் இணைத்தீர்கள். நடுவில் அப்பா, கையில் வலையோடு. அவருக்குக் கீழே நீங்கள் இருவரும். ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவர் பெயர். அப்பாவின் பெயர் அப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும். மன்னாரிலிருந்து வந்த ஞானஸ்நானப் பத்திரங்களும் கூட இருந்தன. அலுவலர் பத்திரங்களை விட்டுவிட்டுப் படத்தையே கனநேரம் பார்த்தாராம். வசந்தம் முடியுமுன் அனுமதி கிடைத்து நீங்கள் அண்ணையிடம் ஹம்முக்குப் போய்விட்டீர்கள். ஆனால் பத்திரத்தில் பெயரை மாற்ற அவர்களால் முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டிலும் கடைசிவரை சவரிமுத்து என்றுதான் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை கல்லறைகளுக்குப் பொறுப்பான சேமக்காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பாவின் பெயர் ஏன் முன்னால் வருகிறது, ஏன் அது உங்கள் பெயரல்ல என்று விளக்க மூன்று வசனங்களை எழுதி வைத்திருந்தேன். முதலாவது வசனத்தின் நடுவிலேயே அந்தப் பெண் குறுக்கிட்டாள். கல்லில் என்ன எழுதுவது என்பது எங்கள் விருப்பம், உயரம் மட்டும் அளவை மீறக்கூடாது என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் முன்பெயர் எது பின்பெயர் எது என்று கேட்காத முதல் அலுவலகம்.

இன்று காலை அண்ணையும் நானும் கல் வெட்டுபவரின் பட்டறைக்குப் போனோம். அவர் தமிழெழுத்தை முன்பு கண்டதில்லை. நான் எழுதிக் கொண்டுபோனதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். தன் கண்முன்னே இன்னொரு தடவை எழுதச் சொன்னார். எழுத்து எந்த இடத்தில் தொடங்குகிறது, கை எங்கே திரும்புகிறது என்று பார்க்க வேண்டுமாம். நான் உங்கள் பெயரை மெதுவாக எழுதினேன். அவர் விரலால் காற்றில் என்னைப் பின்தொடர்ந்தார். கடைசிச் சுழியில் தடுமாறி, மறுபடியும் என்றார். நான்கு தடவை எழுதினேன்.

அண்ணை என் காதடியில் சொன்னார். "உவன் பாத்துத்தான் கீறுறான், என்ன?"

அவருக்கும் அதைச் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் பெயர் மட்டும் பெரிதாக, தமிழில். அதன்கீழ் சிறிய ஜெர்மன் எழுத்தில் "சவரிமுத்துவின் மகள்". அப்பா அவருக்குரிய இடத்தில் இருப்பார்.

கடையில் இப்போதும் புதுப் புத்தகக் கட்டுகளைப் பிரிக்கும்போது, அந்நிய மக்களின் படம் எதைக் கண்டாலும் முதலில் மூக்குகளைப் பார்க்கிறேன், பிறகு சப்பாத்துகளை. அதன்பிறகு எண்ணுகிறேன். நீங்கள் எனக்குப் பழக்கிவிட்ட ஒழுங்கு அது.

கல் நட்டதும் அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கமரா எப்போதும் அண்ணையின் கையில் இருப்பதால் அவர் எந்தப் படத்திலும் இல்லை. கல்லை மட்டும் எடுத்தால் போதும் என்றார். நான் ஏலாது என்றேன். மன்னாரில் அந்தப் படத்தைக் கையில் வாங்குகிறவர் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பார். கமராவை என்னிடம் தந்துவிட்டு அண்ணை உங்கள் பக்கத்தில் நிற்பார்.