அனுமதி இல்லை

மார்ச் 3, செவ்வாய்

ஹால் கடிகாரத்தில் எட்டு, அதாவது ஏழு ஐம்பது. டிவியைப் போட்டேன். பெண்கள் கால்பந்து லீக் காட்டும் இணையச் சேனல் வரவில்லை. கறுப்புத் திரை, நடுவில் ஒரே வரி: ‘உங்கள் இணைப்பில் இந்த நேரலையைப் பார்க்க அனுமதி இல்லை.’ படம் வருகிறது, பாட்டு வருகிறது, கத்திக் கத்திச் சண்டை போடும் விவாதக்காரர்கள்கூட வருகிறார்கள். இது மட்டும் இல்லை.

போன மாதம் வந்தது. மகள் கோட்டோரம் கொடியோடு ஓடியதை இதே திரையில் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் பார்த்தார். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். ஆட்டம் முடியும்வரை ஒரு பக்கம் திருப்பவில்லை.

வரும் பதினைந்தாம் தேதி அவள் முதல் தடவையாகப் பிரதான நடுவர். விசில் அவளுடையது. அதற்குள் சரியாகிவிடும்.

மார்ச் 5, வியாழன்

சரியாகவில்லை. ரவுட்டரை அணைத்து, காத்திருந்து, போட்டேன். பிறகு பின்னால் ஊசி குத்தும் ஓட்டையில் குத்தி மொத்தமாக அழித்துப் புதிதாக அமைத்தேன். அதே வரி.

இணைப்புக் கம்பெனிக்குப் போன் செய்தேன். எங்கள் பக்கம் எந்தச் சேனலையும் தடுக்கவில்லை என்றார் ஒருவர், ரொம்ப மரியாதையாக. முப்பத்திரண்டு வருஷ நிருபர் வேலையில் ‘எங்கள் பக்கம் ஒன்றுமில்லை’ என்று மரியாதையாகச் சொன்னவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நம்பவில்லை.

இதில் எனக்கு என்ன இவ்வளவு படபடப்பு என்று வீட்டுக்காரர் கேட்டார். தெரியாமலா கேட்கிறார்?

எழுதிவிடுகிறேன். மகள் வங்கி வேலைக்கான உத்தரவை மேஜைமேல் வைத்துவிட்டு நடுவர் பயிற்சிக்குப் போனாள். “விசில் ஊதறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?” என்றார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் சும்மா இருந்திருக்கலாம். “உங்க டிப்போல விசில் ஊதாம ஒரு பஸ்ஸாவது கிளம்பியிருக்காப்பா?” என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் எனக்குப் போன் செய்யும்போதெல்லாம் இவர் டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பார். எனக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதாம்.

மார்ச் 6, வெள்ளி

ஒரு கம்பெனி தனக்கு வேண்டாத சேனலை ஓசைப்படாமல் முடக்குகிறது. மனசுக்குள் தலைப்புகூட வைத்துவிட்டேன். அலுவலகத்தில் டெஸ்க் தம்பியிடம் சொன்னேன்.

“அக்கா, உங்க வீடு ஒண்ணுதானே? இன்னொரு வீடு காட்டுங்க, போட்டுருவோம்.”

நான் சொல்லிக்கொடுத்த பாடம். எனக்கே திருப்பிப் பரிமாறுகிறான்.

மாடி வீட்டுப் பல் டாக்டருக்கும் அதே கம்பெனி இணைப்புதான். சாயங்காலம் ஏறிப் போய்ப் பார்த்தேன். அவர் டிவியில் அந்தச் சேனல் பளிச்சென்று ஓடுகிறது.

செய்தி செத்தது. அச்சில் ஏறுவதற்கு முன்னால் செத்ததே, அதுவரை நிம்மதி.

மார்ச் 8, ஞாயிறு

பல் டாக்டரே கீழே இறங்கி வந்தார். வாயைத் திறக்கச் சொல்லாத குறையாக டிவியின் பின்பக்கமெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். என் போனில், எங்கள் வைஃபையிலேயே, அந்தச் சேனலைப் போட்டார். ஓடியது! ஆக இணைப்பில் குற்றமில்லை. குற்றம் டிவியில். அந்தக் கம்பெனி ஆளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

செயலியை நீக்கித் திரும்பப் போட்டார். வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் ஏதோ ஒன்றையும் போட்டுப் பார்த்தார்; எந்த நாட்டுக்காரியாகப் போனாலும் எனக்கு அனுமதி இல்லை. போன் படத்தைப் பெரிய திரைக்குத் தள்ளவும் முயன்றார். டிவி வாங்கிக்கொள்ளவில்லை.

“போன்லயே பாருங்களேன்க்கா, என்ன இப்போ?” என்றார் கடைசியில்.

நான் பார்த்துவிடுவேன். என் வீட்டுக்காரர் பார்க்க மாட்டார். கண் அறுவைக்குப் பிறகு சின்னத் திரை அவருக்குப் புகைமூட்டம். அது பாதிக் காரணம். மீதிக் காரணம், டிவி ஓடினால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அது தானாக விழும், கேட்க வேண்டியதில்லை. போன் என்றால் ‘கொடு, பார்க்கிறேன்’ என்று கை நீட்ட வேண்டும். நீட்ட மாட்டார்.

டாக்டர் போனபின் அவரிடம் கேட்டேன், இந்த டிவியில் நீங்கள் எதையாவது தொட்டீர்களா என்று.

“நான் எதையும் தொடலையே.”

பொய் சொல்லும்போது காது மடலைத் தடவுவார். தடவவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

“வரலேன்னா விட்டுடு. அதுக்காக டிவியைத் தலைமேல தூக்கி வச்சுக்கிட்டு ஆடணுமா?” என்றார் காலையில். சரி என்றேன்.

மத்தியானம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஹாலில் தனியாக நின்று ரிமோட்டில் ஒவ்வொரு பொத்தானாகத் தேடி, அந்தச் சேனலைப் போட்டார். வரி வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் படித்தார். அனுமதி இல்லை. பிறகு அணைத்துவிட்டு, ரிமோட்டை எடுத்த இடத்தில், எடுத்த கோணத்திலேயே வைத்தார்.

என்னால் குழம்பைக் கிளற முடியவில்லை.

மார்ச் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். நான் இல்லை, ஒரு சின்னப் பெண்ணும் ஒரு தற்செயலும்.

சேனல்காரர்களின் உதவி எண்ணில் பேசிய பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தன் பக்கத்தில் ஏதோ புதுப்பிப்பதாகவும், நாலு இருபதுக்கு நான் திரும்ப முயன்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். டிவியின் மூலையில் மணி தெரிந்தது.

“இப்பவே நாலு இருபத்தஞ்சும்மா.”

“இல்லையே மேடம், நாலே கால்தான் ஆகுது.” அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். “மேடம், உங்க டிவி பத்து நிமிஷம் முன்னாடி போகுதா?”

எங்கள் வீடே பத்து நிமிஷம் முன்னாடி போகிறது அம்மா. அவர் டிப்போவில் சேர்ந்த நாளிலிருந்து. பஸ்ஸை நேரத்துக்கு அனுப்புகிறவன் நேரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். டிப்போவிலேயே அவருக்குப் பேர் ‘பத்து நிமிஷம்’. ஹால், அடுப்படி, படுக்கையறை அலாரம், எல்லாம் பத்து கூட. கல்யாணமான நாளிலிருந்து கழித்துப் பழகி, கழிப்பதே எனக்குத் தெரிவதில்லை. போன மாதம்வரை டிவி மட்டும்தான் இந்த வீட்டில் சரியான நேரம் காட்டியது. அது தானாக வெளியிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும்.

அமைப்பைத் திறந்து பார்த்தேன். ‘தானியங்கி நேரம்: இல்லை.’ அவர்தான். ஒன்றாம் தேதி ஞாயிறு கரண்ட் போய் வந்தது. அப்படி வரும்போதெல்லாம் வீட்டைச் சுற்றி ஒவ்வொரு கடிகாரத்தையும் நேராக்குவார். இந்தத் தடவை ஒன்று கூடுதல்.

தொட்டீர்களா என்று கேட்டேன். தொடவில்லை என்றார். பொய்யே இல்லை. கடிகாரத்தைத் திருப்புவது அவருக்குத் தொடுவதில் சேராது, மூச்சு விடுகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டு இத்தனை நாள் ஊரைச் சந்தேகப்பட்டேன்.

நானே திருத்திவிடலாம். மூலையில் மணி மாறியதைக் கண்டதும் அவர் திரும்பப் பத்தைக் கூட்டிவிடுவார். சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் பத்து நிமிஷம்தான் உங்கள் பெண்ணை வீட்டுக்குள் விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால்?

மார்ச் 12, வியாழன்

சொன்னேன். பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. அந்த உதவி எண்காரி சொன்னதை மட்டும், அவள் சொன்ன வரிசையில். சேனல் ஒவ்வொரு தடவையும் டிவிக்கு ஒரு டிக்கெட் கொடுக்கிறது. ஐந்து நிமிஷம்தான் செல்லும். நம் டிவி பத்து நிமிஷம் முந்தி இருப்பதால், கையில் வாங்கும்போதே அந்த டிக்கெட் தீர்ந்துபோனதாக நினைக்கிறது.

டம்ளரைக் கீழே வைத்தார்.

“செல்லாத டிக்கெட்டை வச்சுக்கிட்டு நின்னா யார் ஏத்துவான்? எறக்கித்தான் விடுவான்.”

அவ்வளவுதான். எழுந்து குளிக்கப் போய்விட்டார். அது சரி என்றா, தலைவிதி என்றா? முப்பத்திரண்டு வருஷம் ஊரார் வாயைப் பிடுங்கியிருக்கிறேன், இந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை கூடுதலாக வாங்க முடியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

காலையில் ஹால் கடிகாரம் ஏழு பத்து. டிவியின் மூலையில் ஏழு.

நான் தொடவில்லை. அவரிடம் கேட்டேன்.

“நான் எதையும் தொடலையே,” என்றார். காது மடலைத் தடவிக்கொண்டே.

மார்ச் 15, ஞாயிறு

வந்தது. படம் வந்த நொடியில் என் தோள் இரண்டும் இறங்கியதை நானே உணர்ந்தேன்.

அவர் செய்தித்தாளோடு உட்கார்ந்தார். மகள் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். கறுப்புச் சட்டை, முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். வாயில் விசிலை வைத்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள், ஊதினாள். இவரும் மணிக்கட்டைப் பார்த்தார். கைக்கடிகாரம்! அதுவும் பத்து நிமிஷம் முந்தித்தான் ஓடுகிறது, ஆனால் ஓடும் வேகம் ஒன்றுதானே.

செய்தித்தாள் எப்போது தரைக்குப் போனது என்று தெரியவில்லை. ஆட்டக்காரி ஒருத்தி இவள் முகத்துக்கு நேரே வந்து கை நீட்டிக் கத்தினாள். இவள் ஓர் அடி பின்வாங்கவில்லை. “கார்டை எடு,” என்றார் இவர், மெதுவாக, டிவியிடம். எடுத்தாள். மஞ்சள்.

கடைசியில் கோட்டோரம் பலகையைத் தூக்கிக் காட்டினார்கள்: கூடுதல் நாலு நிமிஷம். முன்னிலையில் இருந்த அணிக்காரர்கள் குதிக்கிறார்கள், அது அதிகம் என்று. நான் அவரைப் பார்த்தேன். அவர் விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

“நாலுதான்,” என்றார். “சரியாப் போட்டிருக்கா.”

அந்த டிப்போவில் அவர் வாயால் ‘சரி’ என்று கேட்காமலே ஓய்வு பெற்றவர்கள் உண்டு.

மார்ச் 16, திங்கள்

மகள் போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது, நிறைய கத்தியிருப்பாள். இவர் வழக்கம்போல் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு அணைத்தே விட்டார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் ஒரு கை நீண்டிருந்தது. போனுக்காக என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

“அந்த அஞ்சாம் நம்பர் பொண்ணு விழுந்து கெடந்துச்சே, அந்த நேரத்தை முழுசாச் சேத்தியா?”

“சேத்தேன்ப்பா.”

“ஆள் மாத்தினது?”

“அதையும்தான்.”

“ம்.” போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். “கால் வலிக்குதா?” என்றார்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே வேலை ஒன்றும் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

மகள் சாயங்காலம் ஆறரைக்கு வந்துசேரும் பஸ்ஸில் வருகிறாள். ஐந்து நாள் இருப்பாள்.

அழைத்துவரத் தானே போவதாகச் சொன்னார். பஸ் நிலையம் நடந்தால் கால் மணி நேரம். சட்டையை இரண்டு தடவை மாற்றினார். நான் அதைப் பார்க்காததுபோல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, “பஸ் முன்னாடியே வந்துட்டா அவ தனியா நிக்கணும்,” என்றார். அவர் அனுப்பிய பஸ் ஒன்றுகூட முன்னாடி போனதில்லை என்பது அவருக்குத் தெரியாதா?

அவர் வாசல் தாண்டியபோது ஹால் கடிகாரத்தில் ஆறு. டிவியில் ஐந்து ஐம்பது. இரண்டையும் எழுதி வைக்கிறேன். இரண்டையும் திருத்தவில்லை.