பஸ் வருதாப்பா என்று கேட்டது

ஞாயிறு, இரவு.

விருத்தாசலம் திரும்பும் வழியில், கம்மாபுரம் முக்கில் அப்பா வலப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுக் காரை மெயின்ரோட்டில் ஏற்றினார். இடப்பக்கம் பஸ் வருவது பக்கத்து சீட்டிலிருந்த எனக்குத் தெரிந்தது. “பஸ்ஸு வருதாப்பா?” என்று மெல்லக் கேட்டேன். பின்னாலிருந்து அம்மா “நிறுத்துங்க!” என்று கத்தியதால் பிழைத்தோம்.

போன வாரம்தான் துணை விமானியாகக் காக்பிட் கூட்டுப்பயிற்சி முடித்தேன். கேப்டன் தவறினால் துணை விமானி கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, நேராகச் சொல்லிவிட வேண்டும். அதைச் சரியாகச் செய்துகாட்டியதற்கு வகுப்பில் என்னைத்தான் கைதட்டிப் பாராட்டினார்கள்.

“பக்கத்துலயே பைலட்டு இருக்குது, நமக்கென்ன பயம்?” என்று வூட்டுக்கு வந்ததும் அப்பா சிரித்தார்.

நாளை மறுநாள் என்னோடு பறக்கும் கேப்டனுக்கு அப்பா வயசு. பின்னால் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். முன்னால் என்ன வருகிறதென்று அவர்களுக்குத் தெரியாது. கத்துவதற்கு அம்மாவும் இருக்க மாட்டாள்.