தாழையோடைத் தண்ணீர் கெட்டுப்போகவில்லை, மாமா

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் "மாமா" என்று ஒரு குரல் எழவில்லை. வாய்விட்டுக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டில், புருஷன் செத்த ஏக்கத்தில் அம்சாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். எழுதினால் சத்தம் வராது. ஊரார் படித்தாலும் படித்துவிட்டுப் போகட்டும். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி இதில் இருக்கிறது.

முதலில் நம் வீட்டுச் சேதி. கவரைப்பேட்டையில் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். ஒரு ஆளுக்கு உலை வைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எவ்வளவு குறைத்துப் போட்டாலும் சோறு மிஞ்சுகிறது. பழவேற்காட்டிலிருந்து என்னைப் பெற்ற நைனா இரண்டு தடவை வந்து, "ஊட்டப் பூட்டிகினு வந்துடும்மா, ஏரியில மீன் இருக்கற வரைக்கும் உனக்குச் சோறு இருக்கு" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவர் கேட்டபோது பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்.

உங்கள் ஆபீசில் எனக்கு வேலை கொடுத்தார்கள். நீங்கள் பார்த்த வேலை இல்லை. நீங்கள் ஓடை ஓடையாகப் போய்ச் சோதனைக்குத் தண்ணீர் எடுத்து வந்தவர். எனக்கு டீ வாங்கி வைப்பது, பைல் தூக்குவது, பாட்டில் கழுவுவது. தினமும் காலையில் கரிவண்டி ஏறி அடுத்த ஸ்டேஷனான கும்மிடிப்பூண்டியில் இறங்கி, நீங்கள் நடந்த அதே வழியில் நடக்கிறேன். நமக்குக் கல்யாணமான அறுபதுகளில் அந்த வழியெல்லாம் சவுக்குத் தோப்பு. இப்போது இரண்டு பக்கமும் கம்பெனி மதில்.

மாமா, அந்தக் கடைசிக் காலையைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். திருநின்றவூரில் மனை பார்க்கலாம், பட்டணத்துக்கு மாற்றல் கேளுங்கள், நாற்காலியில் உட்காரும் வேலையாகக் கேளுங்கள் என்று அன்றைக்கும் சண்டை போட்டேன். நீங்கள், "இந்த மாசத் தண்ணி ஒண்ணுதான் பாக்கி அம்சா. அதையும் எடுத்துட்டா தாழையோட பொழச்சிக்கும். அப்புறமா பேசலாம்" என்றீர்கள். நான் என்ன சொன்னேன்? "அந்த ஓடையையே கட்டிகினு குடும்பம் நடத்து, போ." நீங்கள் சிரித்துக்கொண்டேதான் சைக்கிளை எடுத்தீர்கள். அந்தச் சிரிப்பு என்னை மன்னித்த சிரிப்பா, மனசுக்குள் வலித்த சிரிப்பா?

பத்து மணிக்கு, தண்ணீர் எடுத்துத் திரும்பும் வழியில், ஜி.என்.டி. ரோட்டில் லாரி அடித்தது என்று வந்து சொன்னார்கள். உங்கள் ஐஸ் பெட்டி உடைந்து, பாட்டிலெல்லாம் தூளாகி, தண்ணீர் தார் ரோட்டில் காய்ந்துபோயிருந்தது. அந்தத் தண்ணீரோடு என்னவெல்லாம் காய்ந்துபோனது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆபீசில் சேர்ந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. தலைமை எழுத்தர் தேசிகன் சார், திருவள்ளூர் கோயில் கைங்கரியக் குடும்பத்து மனிதர், பொறுமையாகச் சொன்னார். அரசாங்கம் புதிதாக விதி போடுகிறது. இன்னும் கெடாமல் இருக்கிற ஓடை, ஆறுகளையெல்லாம் ஒரு பட்டியலில் எழுதப்போகிறார்கள். முதல் பட்டியலில் ஏறிய தண்ணீரில் எந்தக் கம்பெனியும் கழிவு விடக் கூடாது. ஏற வேண்டுமானால் கோடையில் மூன்று மாதமும் எடுத்த தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். தாழையோடைக்கு நீங்கள் எடுத்த இரண்டு மாதமும் சுத்தம். மூன்றாவது மாதத்துத் தண்ணீர்தான் ரோட்டில் காய்ந்தது.

உங்கள் இடத்துக்கு அந்த மாதமே வேணு வந்தான். அவன் எடுத்து வந்த மூன்றாவது மாதத் தண்ணீர் சென்னை ஆய்வுக்கூடத்துக்குப் போய், மோசம் என்று முடிவு வந்தது. கழுவாமல் கிடந்த காலிப் பாட்டில், நான் சேர்ந்த பிறகு என்னிடம் வந்தது. சோடா உப்புப் போட்டுத் தேய்க்கிறேன், போகவில்லை. உள்ளே வளையம் வளையமாக எண்ணெய்ப் பிசுக்கு. பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். தாழையோடை என்று எழுதியிருந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. கல்யாணமான புதிதில் என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போய்க் காட்டினீர்களே, செம்மண் மேட்டுக்குக் கீழே மணலிலிருந்து ஊற்று கொப்பளிக்கிற அந்த இடத்தை. காலடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம் போலிருந்தது. அங்கே எண்ணெய் எங்கிருந்து வரும்?

வேணுவைக் கேட்டேன். அவன் கெட்டவன் இல்லை மாமா, சோம்பேறி. "இன்னாக்கா நீ! பாலத்துக்குக் கீழ எறங்கி மொண்டுகினு வந்தேன். சூப்பரின்டெண்டு சாரே அங்க எடுத்தா போதும்னாரு. மேல போனா ஒரே முள்ளு, யாரு ஏறுவாங்க?" என்றான்.

பாலத்துக்குக் கீழேதான் லாரிகளைக் கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீரை எடுத்து, இதுதான் தாழையோடை என்று எழுதிவிட்டார்கள். படிவத்தில் ஓடையின் பெயருக்கு இடம் இருக்கிறது. எந்த இடத்தில் எடுத்தது என்று எழுத இடமே இல்லை. நீங்கள் எடுத்த இடம் உங்கள் காலுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது.

தேசிகன் சாரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அம்சா, ஓடைக்கு மேலண்டையே ஒரு கம்பெனி வரப்போறது. ஓடை ஏற்கெனவே கெட்டதுன்னு ஆயிட்டா அவாளுக்குச் சௌகரியம். உன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. நீ இதுல வாயைத் திறக்காதே" என்றார். பயமுறுத்தவில்லை. அவரே பயந்துபோய்த்தான் இருந்தார்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன். கேட்க யார் இருக்கிறார்கள்? நைனாவிடம் கேட்டால் வேலையை விட்டு வந்துவிடு என்பார். தெருவில் என் முகத்தைப் பார்த்து நல்ல காரியம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். தனியாக இருப்பதென்றால் தனியாகப் படுத்துத் தூங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை மாமா. தனியாக முடிவெடுப்பதுதான் அது.

பட்டியலைப் பற்றி ஒன்றியக் கட்டடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். பட்டணத்திலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். கம்பெனிக்காரர் எழுந்து, "ஓடை ஏற்கெனவே பாழாப்போச்சு சார். அரசாங்க அறிக்கையே அதைத்தான் சொல்லுது" என்றார். சூப்பரின்டெண்டு தலையாட்டினார். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நான் டீத் தட்டோடு சுவரோரம் நின்றிருந்தேன். தட்டு நடுங்கி டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி என்ன என்று தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஐயா, அது தாழையோடத் தண்ணி இல்லீங்க. பாலத்துக்குக் கீழ லாரி கழுவுன தண்ணி."

"நீ யாரும்மா?" என்றார் அதிகாரி.

"டீ குடுக்கறவங்க. மொத ரெண்டு மாசமும் தண்ணி எடுத்தாரே ஏகாம்பரம், அவரு பொண்டாட்டி."

சூப்பரின்டெண்டு எழுந்து, "துக்கத்துல பேசுது சார், விட்டுடுங்க" என்றார். அதிகாரி அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். "அவர் எடுத்த இடம் உனக்குத் தெரியுமா?"

"ஜீப் பாலம் வரைக்கும்தான் போவும். அப்புறம் நடக்கணுங்க."

அப்போது தேசிகன் சார் என்ன செய்தார் தெரியுமா? பைலுக்கு அடியிலிருந்து உங்கள் இரண்டு மாத அறிக்கைகளையும் உருவி அதிகாரி முன்னால் வைத்தார்.

போனோம். முள் கிழித்தது, அதிகாரியின் வேட்டியையும் சேர்த்து. செம்மண் மேடு வந்ததும் உங்கள் செருப்புத் தடம் இருக்குமோ என்று தேடினேன். எத்தனை மழை போயிற்று, எப்படி இருக்கும்? தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. பாட்டிலை வாங்கி, நீங்கள் செய்து காட்டியபடி அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, அதன் வாயை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிரப்பினேன். அதிகாரி குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். "இதையா கெட்டதுன்னு எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. எட்டு மாதமாக வராத அழுகை. கூடவந்தவர்கள் ஓடைக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறு கோடையில் மூன்று மாதமும் மறுபடி தண்ணீர் எடுத்தார்கள். போன வாரம் ஒன்றியப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். தாழையோடை, ஊற்றிலிருந்து பாலம் வரை முதல் பட்டியலில். அங்கே எவரும் ஒரு சொட்டுக் கழிவு விடக் கூடாது. மேலண்டை கம்பெனி வேறு இடம் தேடிக்கொண்டு போய்விட்டது.

ஆனால் பாலத்துக்குக் கீழே பட்டியலில் இல்லை. அங்கிருந்து பழவேற்காட்டு ஏரி வரைக்கும் சுத்திகரித்த தண்ணீரை விடலாமாம். நைனாவிடம் சொன்னேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டே, "மேல பாலு, கீழ சாக்கட. ஏரிக்கு வர்றது கீழதானே? பாதி ஓடையக் காப்பாத்தி எனக்கு இன்னா புண்ணியம்?" என்றார். அவர் சொன்னது சரிதான். சந்தோஷப்பட வேண்டிய நாளில் நானும் உட்கார்ந்து வலையின் மறுமுனையைப் பிரித்தேன்.

வேலை போகவில்லை. மெமோ வந்தது, அலுவலகத்தைப் பலர் முன்னிலையில் தலைகுனிய வைத்ததாக. பிறகு பெரியபாளையத்துக்கு மாற்றல். தண்டனை என்று எல்லாரும் சொல்கிறார்கள். உத்தரவைத் தேசிகன் சார்தான் கொண்டுவந்து கொடுத்தார். "வேலை என்னன்னு பாரு" என்றார். ஆரணியாற்றில் தண்ணீர் எடுக்கும் வேலை. அதிகாரி, இந்தப் பெண்ணுக்குச் சரியாக எடுக்கத் தெரியும் என்று ஓரத்தில் எழுதியிருந்தாராம்.

இந்த வாரமே வீட்டைக் காலி செய்கிறேன். உங்கள் சட்டைகளை வேணுவுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. எதை என்று சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாமா. நான் எடுக்கிற ஒவ்வொரு பாட்டிலிலும் ஆற்றின் பெயருக்குக் கீழே இடத்தையும் எழுதுவேன். எந்தக் கரை, எந்த மரத்தடி, பாலத்துக்கு மேலா கீழா என்று, படிவத்தில் இடம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் எழுதுவேன். நாளைக்கு நான் இல்லாமல் போனாலும் எனக்குப் பின்னால் வருகிறவர் யாரையும் கேட்காமல் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். ஒரு ஆற்றின் நல்ல பெயர் ஒற்றை மனுஷியின் ஞாபகத்தை நம்பி இருக்கக் கூடாது.

திங்கட்கிழமை முதல் பாட்டில். முடிவு வர பத்து நாளாகும். சுத்தம் என்று வந்தால், வீட்டுக்கு ஓடிவந்து சொன்னால் கேட்க ஆள் இல்லை. மோசம் என்று வந்தாலும் இல்லை. எது வந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

என்றும் உங்கள் மனைவி,
அம்சா ஏகாம்பரம்