சிக்கொண்டி மேல் கட்டிய பிராது

விருத்தாசலம்
புதன்கிழமை

அன்பு மகள் தமிழினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி அன்புச்செல்வன், அவன் பெண்டாட்டி வளர்மதி நாலு பேரும் கொளஞ்சியப்பர் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்காதே, அது மழை விட்டால் போய்விடும். நீ அங்கே சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுத அழுகையிலேயே தெரிந்துவிட்டது. நீ அழுதால் நான் சொல்ல வந்தது ஒன்றும் வாயில் வருவதில்லை, அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் வளர்மதி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள். படிக்காமல் அனுப்ப மாட்டாள், படிக்கட்டும், அவளும் நம் வீட்டுப் பெண்தானே.

இங்கே நாலு நாளாக மழை. எங்கள் பீங்கான் பட்டறையில் கார்த்திகைக்குப் பொம்மை ஆர்டர் குவிந்து கிடக்கிறது, அச்சில் ஊற்றினது காயவே மாட்டேன் என்கிறது, சூபர்வைசர் பிலோமின்ராஜ் எங்கள் மேல் எரிந்து விழுகிறார், மழையை நாங்களா வரவழைத்தோம்! ஆனால் உன் பேச்சு வந்தால் மட்டும் ஆள் குளிர்ந்துவிடுவார். உன்னைப் பற்றி நான் பேசாத நாள் கிடையாது, பக்கத்து அச்சுக்காரிகள் என்னைக் கண்டாலே 'ஆரம்பிச்சுட்டாங்கப்பா மலாவி கதைய' என்று சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். ஐரோப்பாக்காரர்கள் உதவிப் பணம் கொடுக்கிறார்கள், என் மகள் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு அரசாங்க ஜியாலஜிஸ்டுகள் ஒன்பது பேருக்கு மண்ணுக்கடியில் என்ன தாது இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று சொல்லும்போது எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிடுகிறது. போன மாதம் பிலோமின்ராஜ் ஒரு கேள்வி கேட்டார். 'ஏங்க, அந்த ஊர்க்காரங்களுக்கே எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துட்டா, அப்புறம் உங்க பொண்ணுக்கு அங்க என்னாங்க வேலை இருக்குது?' என்றார். அதற்குப் பதில் எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீ அழுகைக்கு நடுவில் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். மலைச்சரிவில் வெள்ளைக் களிமண் கிடைத்தது. சோதனைக்கூடத்துச் சூளை ரிப்பேராகிக் கிடந்ததால் சுட்டுப் பார்க்க முடியவில்லை, நீ நம் ஊர் வழக்கப்படி மண்ணை நாக்கில் ஒட்டிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து, இது முதல் தரம், வெள்ளைத் தட்டு செய்ய ஆகும் என்று மூட்டைகளில் எழுதிவிட்டாய். உதவி கொடுக்கும் அதிகாரிகள் வந்து உட்கார்ந்த கூட்டத்தில் உன் மாணவி சிக்கொண்டி எழுந்து, 'மேடம், இது வெள்ளையா வேகாது' என்று சொல்லிவிட்டாள். அதோடு விட்டாளா, பக்கத்து ஊர் சர்ச் ஸ்கூல் சூளையில் தானே சுட்டு எடுத்துவந்த வில்லைகளை மேஜையில் வைத்தாள், அத்தனையும் செங்கல் நிறம். இதை அந்தப் பெண்ணின் பேரோடு அறிக்கையில் முழுசாகப் போட்டால், அடுத்த இரண்டு வருஷத்துக்குப் பயிற்சியின் தலைமையை அவளுக்கே கொடுத்துவிடுவார்கள், உன் வேலை இத்தோடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை அறிக்கை அனுப்ப வேண்டும். அவள் சுட்டுப் பார்த்ததைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று உன் ஆபீஸ் ஆள் ஒருத்தர் யோசனை சொல்கிறார். நீ என்ன செய்வது என்று கேட்டாய். இவ்வளவுதானே?

நான் பதில் சொல்வதற்குள் உன் அப்பா செய்த கூத்தைக் கேள். நீ அழுததைக் கேட்டுவிட்டு மனுஷன் இரவெல்லாம் தூங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ஸ்ரீமுஷ்ணம் போய்விட்டு வரேன் என்று கிளம்பினவர் நேராக மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய், கொளஞ்சியப்பரிடம் சிக்கொண்டி மேல் பிராது கட்டிவிட்டு வந்திருக்கிறார்! பேர், ஊர் எல்லாம் எழுதி, 'என் மகளை நாலு பேருக்கு முன்னால் தலைகுனிய வைத்தவளுக்குத் தொண்ணூறு நாளைக்குள் புத்தி புகட்டவேண்டும்' என்று வேலில் கட்டியாயிற்று. தூரத்துக்குத் தகுந்தபடி பணம் கட்டவேண்டும் என்பதால், எதிராளி ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று அங்கே கேட்டார்களாம். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர், சேத்தியாத்தோப்பு வரை ஒவ்வொரு ஸ்டாப்பிங்கும் தூக்கத்தில் சொல்லுவார், மலாவி என்றதும் திருதிருவென்று முழித்து வளர்மதிக்குப் போன் போட்டு நெட்டில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவள் வந்து என்னிடம் சொன்னாள், அப்படித்தான் குட்டு உடைந்தது. நான் பிடித்த பிடியில் அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். 'எம்பொண்ணு அழுவுதுடி, நான் வேற யார்கிட்ட போயி சொல்றது' என்று அவர் கண் கலங்கினபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது, ஆனால் விடவில்லை. உங்கள் மகளுக்கு மண்ணை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது யார், பிராது கட்டுவதென்றால் என் மேல் கட்டுங்கள் என்றேன்.

தமிழினி, இதை உன்னிடம் இத்தனை வருஷம் நான் சொன்னதில்லை. நீ நாலாவது படிக்கும்போது ஸ்கூல் லீவில் என்னோடு பட்டறைக்கு வந்தாய். லாரியில் மண் வந்து இறங்கினது. பழைய முதலாளி விளையாட்டாக, 'பாப்பா, நீ சொல்லு, இது நல்ல மண்ணா' என்று கேட்டார், நீ ஒரு கட்டியை எடுத்து நாக்கில் ஒட்டிப் பார்த்து, 'நல்ல மண்ணுங்க' என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். நீ தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அந்த லோடில் ஊற்றின வாத்து பொம்மை ஒவ்வொன்றும் சூளையிலிருந்து அழுக்கு மஞ்சளாக வெளியே வந்தது, ஒன்றுகூட விலை போகவில்லை. நான் உன்னிடம் மூச்சு விடவில்லை. பிள்ளை முகம் வாடிவிடுமே என்று மறைத்துவிட்டேன். நாக்கில் ஒட்டினால் களி என்று தெரியும், வெந்தால் என்ன நிறம் வரும் என்று நாக்குக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருந்தது, உனக்குச் சொல்லவில்லை. நீ ஜியாலஜி படித்துப் பெரிய ஆளாகி, மிஷினில் வைத்துப் பார்ப்பது எல்லாம் கற்றுக்கொண்டபிறகும் உள்ளே அந்தக் கைதட்டல் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. சூளை இல்லை என்றதும் அதை நம்பிவிட்டாய். அந்தத் தப்பில் பாதி என்னுடையது, என்னை மன்னித்துவிடு கண்ணு.

நேற்று செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் மழையில் ஆட்டோ பிடித்துப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினோம். அதற்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், ராஜினாமா என்று அதற்குப் பேர், அப்பா பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டார், நான்தான் எழுதினேன். 'சாமி, சிக்கொண்டி ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கள் மகள் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள்' என்று எழுதினேன். அதை எழுதும்போதுதான் எனக்கே விளங்கினது. சந்தேகம் வந்தால் சுட்டுப் பார், யார் சொன்னாலும் அப்படியே நம்பாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நீதான். நீ அங்கே போன முதல் மாதம் அந்தப் பெண் உன் முன்னால் வாயே திறக்க மாட்டாள் என்று எழுதியிருந்தாய். இன்றைக்கு வெள்ளைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று, டீச்சரே, நீங்க சொன்னது தப்பு என்கிறாள். எங்கள் பட்டறையில் முப்பது வருஷமாக இருக்கிறேன், மண் சரியில்லை என்று தெரிந்தும் முதலாளி முகத்தைப் பார்த்து ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. நீ இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு ஆளை உருவாக்கியிருக்கிறாய்.

அதனால் வெள்ளிக்கிழமை அறிக்கையில் முதல் பக்கத்திலேயே அவள் சுட்டதை எழுது, அவள் பேரைப் போடு, நீ எங்கே தவறினாய் என்பதையும் உன் கையாலேயே எழுது. வேலை போனால் போகட்டும். நீ ஊருக்கு வரவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்கே தெரியும், உன்னைப் பார்த்துப் பதினான்கு மாதம் ஆகிறது. ஆனால் வெட்கப்பட்டு ஓடிவராதே. சோதனைக்கூடத்துச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு வா. அந்த நாட்டு மண் எப்படிப்பட்டது என்று அந்த நாட்டுப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லவேண்டும் என்றுதானே அத்தனை தூரம் போனாய்? அது நடந்துவிட்டதடி. அதற்கா அழுகிறாய்?

நம் ஊர்ப் பழமலைநாதர் உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் துணையிருப்பார். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரியில் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி அரிசி வைக்க எவ்வளவு நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை அனுப்பினதும் எத்தனை மணியானாலும் போன் செய், விழித்திருப்போம்.

உன்னைப் பெற்ற பெருமையில் இருக்கும்
அம்மா அம்புஜவல்லி