பூட்டுப் போடாமல் விற்ற படம்

மார்ச் 4, 2013, திங்கள்

தைபேயில் மழை. கீலுங்கில் பிறந்தவளுக்கு இதெல்லாம் மழையே இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

காலையில் அந்தப் பெரிய இணையக் கடையின் ஒப்பந்தம் வந்தது. ‘மழை விட்ட ஒன்பது நாள்’ படத்தை விற்றுத் தருகிறார்களாம். வாங்குகிறவர் அவர்களுடைய செயலியில் மட்டும்தான் பார்க்கலாம். மூன்று கருவிகளுக்கு மேல் கூடாது. நகல் எடுக்க முடியாதபடி பூட்டு. உங்கள் கடையை மூடிவிட்டால் வாங்கியவர் கதி என்ன என்று கேட்டு எழுதினேன். ‘அப்போதைய நிபந்தனைகளின்படி’ என்று பதில். அதாவது படம் போச்சு.

வேண்டாம், நாமே விற்போம். புத்தகம் வாங்குவது மாதிரி இருக்கட்டும். காசு கொடுத்தவர் கோப்பை இறக்கிக்கொண்டு எதில் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கட்டும். ஆனால் பாதி உரிமை சியூ அண்ணாவுடையது. இயக்கியவர் அவர், படத்தொகுப்பு நான். அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. அவரிடம் போய் ‘பூட்டு இல்லாமல்’ என்று யார் சொல்வது? நான்தான், வேறு யார்.

மார்ச் 10, ஞாயிறு

கீலுங் போனேன். அண்ணாவின் காலைச் சிற்றுண்டிக் கடையில் நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும், “வா கத்திரிக்காரி! முட்டை ரொட்டி ரெண்டா, மூணா?” என்றார். அதுவரை எல்லாம் சரிதான்.

விஷயத்தைச் சொன்னதும் தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

“பூட்டு இல்லாமயா? கிறுக்கா உனக்கு? கல்லாவத் தெறந்து வெச்சிட்டு ஊருக்குப் போங்கற.”

“பூட்டுப் போட்டாலும் திருடறவன் ஒடச்சிடறான்ணா. வெளிய நிக்கறது காசு குடுத்தவன்தான்.”

“தொண்ணூத்தேழுல எவன் ஒடச்சான்? உள்ள இருந்த எவனோ எடுத்து நீட்டினான்.”

அண்ணி என் காதருகே வந்து, “அந்தப் பேச்ச எடுக்காத பெய்-ஜூ, சோயாப் பாலே திரிஞ்சிடும்” என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

படம் தியேட்டருக்கு வந்த அதே வாரம் இரவுச் சந்தையில் திருட்டு வீடியோ கேசட் வந்தது. தியேட்டரில் நாலு நாள் ஓடியது. அண்ணா சந்தைக்குப் போய், கேசட்டை வாங்குகிற ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தொடவில்லை. அந்தக் கேசட்டையும் ஒருநாள்கூடப் போட்டுப் பார்த்ததில்லை.

அது எப்படி வெளியே போனது என்று எனக்குத் தெரியும். பதினாறு வருஷமாகத் தெரியும்.

மார்ச் 11

நேற்று எழுதியதை இன்று முடிக்காவிட்டால் எழுதவே மாட்டேன்.

தொண்ணூற்றாறில் படப்பிடிப்பு. கதைக்கு வெயில் வேண்டும், எடுக்கிற ஊரோ கீலுங். எங்களைப் போல முட்டாள்கள் உண்டா? மழை விடும் விடும் என்று காத்துக்கிடந்தோம். அத்தனை பேரும் தங்கியது அண்ணாவின் அப்பா வீட்டில், மாடி அறை இரண்டில். நனைந்த உடுப்பையெல்லாம் மின்விசிறிக்கு முன்னால் பிடித்து உலர்த்துவோம். பெரியப்பா — அண்ணாவின் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன் — துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். வேலை விட்டு வரும்போதே வாசலில் நின்று, “படம் புடிச்சாச்சா, இல்ல இன்னிக்கும் சோறு மட்டும்தானா?” என்று கத்திவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். அது அப்போது தெரியவில்லை.

வெயில் வந்த மூன்றாம் நாள் அவரையே நடிக்க வைத்தார் அண்ணா. துறைமுகப் படியில் உட்கார்ந்து பம்பளிமாஸ் உரிக்க வேண்டும், ஒரே ஒரு வசனம். பெரியப்பா வசனத்தை மறந்துவிட்டு நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அதை அப்படியே முதல் தொகுப்பில் வைத்தேன். விநியோகஸ்தர் பார்த்துவிட்டு, “கெழவன் கேமராவப் பாக்கறான், தூக்கு” என்றார். அண்ணா தலையாட்டினார். நான் வெட்டினேன். இரண்டு நிமிடம். அந்த நெகட்டிவும் ஆய்வகத்தை மூடியபோது குப்பைக்குப் போனது.

பெரியப்பாவோ தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டார், படத்தில் நான் வருகிறேன் என்று. படம் வருவதற்கு முந்தின மாதம் ஒரு கூடைப் பம்பளிமாஸோடு என் தொகுப்பு அறைக்கு வந்தார். “நான் எப்படிம்மா வந்திருக்கேன்?” வெட்டியாச்சு என்று அந்த முகத்திடம் எப்படிச் சொல்வேன்? என்னிடம் இருந்த முதல் தொகுப்புக் கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. “வீட்டுக்குள்ள மட்டும் பாருங்க பெரியப்பா, தியேட்டர்ல வேற மாதிரி இருக்கும்.” அது சந்தையில் போய் முடிந்தது.

சந்தையில் கேசட் வந்த அந்த வாரமே பெரியப்பா மழையில் நனைந்துகொண்டே என்னிடம் வந்து நின்றார். “பொண்ணே, அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத. எம் புள்ள மொகத்துல நான் எப்படி முழிப்பேன்.” சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டாயிரத்து ஒன்றில் நுரையீரல் நோயில் போய்விட்டார். அவர் குரல் அண்ணாவிடம் எந்த வடிவத்திலும் இல்லை, சுவரில் ஒரு புகைப்படம்தான். அதற்காகவே நான் அந்தத் திருட்டுக் கேசட்டைத் தேடிச் சந்தை சந்தையாக அலைந்தேன். அதற்குள் எல்லோரும் குறுந்தகட்டுக்கு மாறிவிட்டார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

கையெழுத்துப் போட்டுவிட்டார்! என் வாதத் திறமையால் அல்ல. அண்ணிக்குப் பிடித்த ஒரு நாடகத் தொடரைப் போன வருஷம் பூட்டோடு காசு கொடுத்து வாங்கினாராம். கணினி மாற்றினதும் திறக்க மாட்டேன் என்கிறது. உதவி எண்ணுக்கு நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

“காசு குடுத்தவன் நானு. நான்தான் திருடன்ங்கற மாதிரி கேள்வி கேக்கறான் பெய்-ஜூ! எடு அந்தக் காகிதத்த.”

கோபத்தில் போட்ட கையெழுத்து, எழுத்துக்கூடக் கோணல். எனக்கு அது போதும்.

ஏப்ரல் 15, திங்கள்

விற்பனைக்கு வைத்தாயிற்று. கோப்பை ஏற்றும்போது கணினி மேல் பச்சைப் பொட்டலச் சோளப் பொரி வைக்கத் தவறவில்லை. ஒரு வருஷம் கடையில் பச்சை இல்லையென்று மஞ்சள் பொட்டலம் வைத்தேன், வன்வட்டு போய்விட்டது. படித்தவள் செய்கிற வேலையா இது என்று கேட்டால், பச்சை இருந்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்று இங்கே ஒரு நம்பிக்கை. இந்தத் தொழிலில் எல்லோரும் வைக்கிறோம்.

வாங்குகிறவர் எழுதும் கடிதம் எங்கள் இருவருக்கும் வருகிற மாதிரி அமைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 16

பதினொரு பேர்! ஒருவர் பெங்ஹூ தீவிலிருந்து.

ஏப்ரல் 27, சனி

பெங் என்று ஒரு பெண், தாவ்யுவானில் செவிலியாம், படம் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாள். ‘சின்ன வயதில் பார்த்தது, மறுபடி பார்த்து அழுதேன். ஆனால் துறைமுகத்தில் பம்பளிமாஸ் உரிப்பாரே மாமா, அவர் எங்கே? எங்கள் வீட்டுக் கேசட்டில் இருந்தாரே.’

இருவருக்கும் போகிற கடிதம். அண்ணா கடை மூடியதும் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பார்.

ஏப்ரல் 28

பார்த்துவிட்டார். காலையிலேயே போன்.

“அப்பா வர்ற சீன் மொதத் தொகுப்புல மட்டும்தான் இருந்துச்சு. அந்தக் கேசட் உன்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. சரியா?”

“சரிண்ணா.”

“வித்தியா?”

“இல்ல. குடுத்தேன்.”

“யாருக்கு?”

வாயைத் திறக்கவில்லை நான். திறந்திருந்தால் ஒரே சொல்லில் தப்பித்திருப்பேன். சுவரில் இருக்கிற அந்த ஒரு புகைப்படத்தையும் அவர் பிறகு எப்படிப் பார்ப்பார்?

“பதினாறு வருஷம் எங் கடையில உக்காந்து முட்டை ரொட்டி தின்னுருக்க” என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பிறகு வைத்துவிட்டார்.

மே 3

இரண்டு தடவை கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தாள்.

மே 9, வியாழன்

அண்ணாவிடமிருந்து ஒரு வரி: ‘விற்பனையை நிறுத்து.’ நிறுத்திவிட்டேன். பாதி அவருடையது. என் பாதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போகட்டும், படம் போகட்டும். அண்ணாவே கையை விட்டுப் போய்விட்டாரே. இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், நான் எந்தக் காட்சியை எங்கே வெட்டினேன் என்று ஞாபகம் வைத்திருக்கிற ஆள்? பெரியப்பாவிடமும் கோபம் வருகிறது. சின்னப் பிள்ளையா நீங்கள்? வீட்டுக்குள் பாருங்கள் என்றுதானே சொன்னேன்!

மே 14, செவ்வாய்

கேசட் எங்கே கிடைத்தது என்று கேட்டு அண்ணா அந்தப் பெண்ணுக்கு எழுதியிருக்கிறார், எனக்குத் தெரியாமல். பதில் இருவருக்கும் வந்தது. அவள் எழுதியபடியே இங்கே எழுதிவைக்கிறேன்.

‘நாங்கள் உங்கள் தெருதான், கடைசி வீடு. என் அப்பா கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார், நகல் எடுக்கும் பெட்டியும் இருந்தது. உங்கள் அப்பா, சியூ மாமா, ஒரு கேசட்டோடு வந்து இருபது நகல் கேட்டார். எதற்கு என்றதற்கு, “எம் மகனுக்கு ஒண்ணு பொறந்திருக்குடா, மாசம் நெறஞ்சிருச்சு” என்றார், படத்தைத்தான். பிள்ளை பிறந்து மாதம் நிறைந்தால் கொடுப்போமே, அது மாதிரியே எண்ணெய்ச் சோறு, சிவப்பு முட்டை, கூடவே ஒரு கேசட், வீட்டுக்கு வீடு கொடுத்தார். எனக்கு இரண்டு முட்டை கிடைத்தது. இருபதுக்கு மேல் என் அப்பா ஒன்று எடுத்து வைத்துக்கொண்டார். சந்தைக்குப் போனது அதிலிருந்துதான் என்று பிறகு தெரிந்தது. அப்பா இப்போது இல்லை, அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். கேசட்டைக் கணினிக்கு மாற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.’

இருபது! அவர் யாருக்கோ இரவல் கொடுத்து ஏமாந்தார் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். எண்ணெய்ச் சோறோடு கொடுத்திருக்கிறார், மனுஷன்.

மே 15

கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு வந்தார். வாசலில் குடையை மடக்கக்கூட இல்லை. “போடு” என்றார். கோப்பைத் திறந்தேன்.

படம் முழுக்கக் கோடு, நிறமெல்லாம் வழிகிறது. பெரியப்பா படியில் உட்கார்ந்து பம்பளிமாஸ் உரிக்கிறார். நிமிர்ந்து எங்களைப் பார்க்கிறார். “தே-ஷெங், இது போதுமாடா? சாப்ட்டியா நீ?” கேமராவுக்குப் பின்னாலிருந்து அண்ணாவின் இளம் குரல், “ஐயோ, பேசாதீங்கப்பா!” என்கிறது. உடனே அந்தச் சிரிப்பு.

அண்ணா அழுதார். நானும்தான்.

எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ பார்த்த பிறகு, “தெருவுக்கே குடுத்திருக்காரு. எனக்கு ஒண்ணு குடுக்கல பாரு கெழவன்” என்றார்.

“உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு கெஞ்சினாருண்ணா.”

“போன்ல சொல்லியிருக்கலாம்ல? அவருக்குத்தான் குடுத்தேன்னு.”

“செத்தவர் மேல பழியப் போடவா?”

இன்னொரு தடவை முதலிலிருந்து ஓடவிட்டார். பிறகு கோபமாகவே, “இவ்ளோ நாளா அவரையும் சேத்து நீயே சொமந்திருக்க, கழுத” என்றார். பசிக்கிறது என்றார். நூடுல்ஸ் வேகவைத்துக் கொடுத்தேன்.

ஜூன் 20, வியாழன்

மறுபடி விற்பனையில். இந்தத் தடவை பெரியப்பாவின் இரண்டு நிமிடமும் அதன் பழைய இடத்தில். கோடுகளை நீக்கித் தருகிறேன் என்றதற்கு, “விடு, அவரு வந்த வழி அது” என்றார் அண்ணா. முன்பு வாங்கியவர்களுக்கெல்லாம் புதுக் கோப்பை இலவசமாக அனுப்பினேன். விற்பனைப் பக்கத்துக்கு அவரே எழுதிக் கொடுத்தார்: ‘இந்தப் படத்துக்குப் பூட்டு இல்லை. வீட்டாருக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள், கோபமில்லை. தெருவுக்கே என்றால் ஒரு நிமிடம் யோசியுங்கள்.’

ஜூலை 7, ஞாயிறு

பயந்தது நடந்தே விட்டது. எவனோ முழுப் படத்தையும் ஓர் இலவசத் தளத்தில் போட்டிருக்கிறான். ஆறாயிரம் பேர் பார்த்தாகிவிட்டது. மறுபடி தொண்ணூற்றேழா? போனில் சொல்ல மனம் வரவில்லை, முதல் ரயிலிலேயே கீலுங் போனேன்.

கல்லில் ரொட்டி கருகிக்கொண்டிருக்கிறது. அண்ணா மூலையில் நின்று அண்ணியின் கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படிக்கிறார். அதே தளம்தான்.

“தெரியும். முந்தாநாளே பாத்துட்டேன்.”

“எடுக்கச் சொல்லி எழுதிடவாண்ணா? ஒரு படிவம்தான்.”

“எழுதலாம், எழுதலாம். இரு. ஒருத்தி கௌசியூங்ல இருக்காளாம். படியில ஒக்காந்து சிரிக்கிறாரே, அந்தப் பெரியவர் யாருன்னு கேட்டிருக்கா.” விரலால் திரையைத் தள்ளிப் பார்த்தார். “இதுக்குப் பதில் எழுத எங்க அமுக்கணும்?”

காட்டினேன். கையை முன்துணியில் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார்: ‘அவர் என் அப்பா.’

நான் போய் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.