கோப்பிக் கடைச் சுவரில் உன் கறுப்புக் கரை

கோப்பி மணம் வந்தாலே இப்போது எனக்குக் குமட்டுகிறது. ஹெவ்லொக் டவுனில் உன் அண்ணையின் மகன் திறந்திருக்கும் கோப்பிக் கடைக்குப் போய் வந்ததிலிருந்து இப்படித்தான். நீ கண்ணை மூடி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் உன்னைச் சுவரில் ஒட்டிவிட்டான்.

நீ அண்ணைக்குப் போட்ட தபாலட்டைகளை அவர் சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தாராம். அவற்றைப் பெருப்பித்துச் சுவர் முழுக்க அடித்திருக்கிறான். உன் எழுத்தின் அழகு எனக்குத் தெரியாததா? இடம் போதாவிட்டால் வரிகள் ஓரத்தில் ஏறி, அட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, திகதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு வெட்டு, ஒரு திருத்தம் இருக்காது. "சின்ன அட்டை, பெரிய வாய்" என்று உன்னையே பகிடி பண்ணுவாய்.

நடுச்சுவரில் கறுப்புக் கரை போட்ட அட்டை. உன் கணவர் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அண்ணையை அழைத்து, கொட்டாஞ்சேனை வீட்டில் நான் பக்கத்தில் இருக்க எழுதியது. அழுது வீங்கிய கண்ணோடும் அடிமட்டம் வைத்துக் கரையைப் பிசகாமல் போட்டாய். "இழவுக் கடதாசி வீட்டில இருக்கக் கூடாது" என்று, வாசித்ததும் கிழித்துவிடும்படி கடைசி வரியில் எழுதினாய். அண்ணைக்கு மனம் வரவில்லை போலும். அந்த வரிக்குக் கீழே நின்று ஒரு பெட்டை கேக்கைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அருவருத்துப் போயிற்று.

இது என்னவென்று தெரியுமா என்று உன் அண்ணை மகனைக் கேட்டேன்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது அன்ட்டி. ஆனா மாமியின்ர போர்டர் டிசைன் சூப்பர். எல்லாரும் அதுக்கு முன்னாலதான் போட்டோ எடுக்கினம்."

முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் கழற்றுகிறேன் என்று மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. கவுண்டரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருந்த அசல் அட்டையைக் கேட்டேன். பெருமையாக எடுத்துத் தந்தான். அவன் முன்னாலேயே கிழித்தேன்.

அவன் எனக்கே ஆறுதல் சொன்னான்: "பரவாயில்லை அன்ட்டி. ஸ்கேன் பண்ணி வச்சிருக்கிறன்."

துண்டுகளைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வழிநெடுக அவனைத் திட்டியபடி வெள்ளவத்தைக்கு நடந்தே வந்தேன். நீ சொன்னபடி அவற்றை அன்றைக்கே குப்பையில் போட்டிருக்க வேண்டும். இன்னும் போடவில்லை, போகுமிடமெல்லாம் பையோடு வருகின்றன. ஒரு துண்டில் "அண்ணை, நீங்கள் மட்டுமாவது" என்பதுவரை இருக்கிறது; "வாருங்கள்" இன்னொன்றில்.